அது ஒற்றைத் தலைவலி இல்லை, சகோதரி

வாசகர் கடிதம்:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த், பாகான் டாலாமில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 43. ஒன்பது வருடமாக ஒரே கம்பெனியில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். நான்கு வருடமாக அவருக்கு ஒரு தலைவலி. வருடத்தில் இரண்டு மாதம் வரும், பிறகு போய்விடும். வந்தால் தினமும் ராத்திரி ஒரு மணி சுமாருக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். இடது கண்ணுக்குப் பின்னால் கம்பியை விட்டுக் குடைவது போல இருக்கிறது என்பார். அந்தக் கண் சிவந்து தண்ணீர் கொட்டும், அதே பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும். படுக்க மாட்டார். வீடு முழுக்க நடப்பார், சுவரில் தலையை முட்டுவார். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். காலையில் வேலைக்குப் போய்விடுவார். மைக்ரேன் என்று புரோப்ரனோலோல் கொடுத்தார்கள். பனடோல், போன்ஸ்டான் எதுவும் கேட்கவில்லை. சைனஸ் என்று ஆறு மாதம் மூக்குக்கு மருந்து அடித்தோம். மேல் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியாயிற்று. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. இந்த முறை மூன்றாவது வாரம் ஓடுகிறது, பகலிலும் ஒரு தடவை வர ஆரம்பித்திருக்கிறது. 'இது மருந்துக்கு அடங்காத தலைவலி, பழகிக்கொள்ள வேண்டியதுதான்' என்று கடைசியாகப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார், யாரோ செய்த ஏவல் என்கிறார். போன வாரம் வலி அடங்கியதும் 'இதுக்கு செத்துப்போறதே மேல்' என்றார். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. சத்தம் கேட்டால் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள். இதற்கு மருந்தே இல்லையா டாக்டர்?

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

மருந்து இருக்கிறது. உங்கள் கணவரை நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் தலைவலி நோயாளிகளைத் தினமும் பார்க்கும் எந்த நரம்பியல் மருத்துவரும் உங்கள் கடிதத்தைப் பாதி படிப்பதற்குள் ஒரு பெயரைச் சொல்வார்: கிளஸ்டர் தலைவலி. தமிழில் கொத்துத் தலைவலி என்கிறோம். சில வாரங்கள் கொத்தாக வந்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போவதால் அந்தப் பெயர். ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும், ஆண்களுக்குக் கூடுதலாக. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்த நோய் வந்தால், பிரசவ வலியைவிட இது மோசம் என்கிறார்கள். உங்கள் கணவர் கோழை இல்லை. நடிக்கவும் இல்லை.

அவர் சொன்ன அந்த வார்த்தையை முதலில் பேசிவிடுவோம். 'வலியில ஏதோ சொல்லிட்டாரு' என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்காரர்கள் இந்த நோய்க்குத் தற்கொலைத் தலைவலி என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், காரணமில்லாமல் இல்லை. வலி இல்லாத ஒரு நேரத்தில், மகள் பள்ளிக்குப் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு நெசமாவே நெனைக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சி வச்சிருக்கீங்களா?' கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் அவருக்கு இருக்கும். ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். காத்திருக்க முடியாத நிலை என்றால் 999. பேசிக் கேட்க ஆள் வேண்டுமென்றால் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறார்கள். நீங்களும் அழைக்கலாம். நான்கு வருடமாக ராத்திரி தூங்காதவர் நீங்களும்தான்.

இனி, ஏன் நான்கு வருடமாக மருந்து கேட்கவில்லை என்பதற்கு வருகிறேன். தமிழில் மைக்ரேனுக்கு ஒற்றைத் தலைவலி என்று ஒரு பெயர் வைத்துவிட்டோம். பழக்கத்துக்கு நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயரால் நம் மக்கள் படும் பாட்டை நான் கிளினிக்கில் பார்க்கிறேன். மைக்ரேன் பலருக்கு இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் வந்தாலும் இந்தத் தடவை வலம், அடுத்த தடவை இடம் என்று பலருக்கு மாறும். கண்டிப்பாக ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் வலிகள் வேறு சில இருக்கின்றன, அவற்றில் தலையாயது கிளஸ்டர். நோயாளி உள்ளே வந்து 'ஒரு பக்கமா வலிக்குது டாக்டர்' என்கிறார். கூட வந்தவர் 'ஒற்றைத் தலைவலி' என்கிறார். அட்டையில் மைக்ரேன் என்று ஏறிவிடுகிறது. ஏறிய பெயர் லேசில் இறங்காது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்கேன் தேவையில்லை. வலி வரும்போது மனிதர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் கிடப்பார். மாடிப்படி ஏறினாலே வலி கூடும். அது நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீளும். கிளஸ்டர் வந்தவரால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், கண்ணை உள்ளங்கையால் அழுத்துவார், சுவரில் முட்டுவார். பதினைந்து நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒன்று என்று வரலாம், ஒரே நாளில் எட்டும் வரலாம். வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தொங்கும், அந்தப் பக்க நெற்றி வியர்க்கும். நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் இதில் இருக்கிறது பாருங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பாடப்புத்தகம் இல்லை, நான் செய்த ஒரு தப்பு. பயிற்சி முடித்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இரவு வேலை. முப்பது வயதுச் சீன இளைஞர் ஒருவரை அவர் அண்ணன் கூட்டி வந்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். படுங்கள் என்றேன், படுக்கவில்லை. மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் குரலை உயர்த்தி. கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து இடிக்க ஆரம்பித்தார். போதைப் பழக்கமாக இருக்கும், ஊசிக்காக வந்திருக்கிறார் என்று தாதியிடம் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் வலி தானாக நின்றுவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, தொந்தரவு கொடுத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நான் தவறாக நினைத்தது அவருக்குத் தெரியும். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடியும் வந்தார். அன்றைக்குப் பணியில் இருந்த மூத்த மருத்துவர், நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் பை வைத்த முகமூடியை மாட்டி ஆக்ஸிஜன் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். பத்து நிமிடம் இருக்கும். முதலில் கால் ஆடுவது நின்றது. பிறகு கண்ணைப் பொத்தியிருந்த கை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். இருபது வருடம் ஆகியும் அந்தக் கை இறங்கியது எனக்கு மறக்கவில்லை.

உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. 'அதே நேரத்துக்கு வருது, அதே எடத்துல வருது, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிருது, இது சாதாரண நோவு இல்ல' என்று அவர் சொல்லியிருப்பார். அவர் பார்த்தது தப்பில்லை. கடிகாரம் வைத்தது போல வருவதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம். ஆனால் அந்தக் கடிகாரம் மண்டைக்குள் இருக்கிறது. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி. தூக்கம், விழிப்பு, பசி, உடம்புச் சூடு இவற்றின் நேரத்தைக் காப்பது அதுதான். 1998-ல் லண்டனில் ஆய்வாளர்கள் வலி வந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். வலிக்கும் பக்கத்தில் அந்த இடம் விழித்துக்கொண்டு வேலை செய்தது தெரிந்தது. அதனால்தான் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி எழுப்புகிறது. அதனால்தான் வருடத்தின் ஒரே பருவத்தில் திரும்பி வருகிறது. அவர் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினால் கட்டிக்கொள்ளட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வைத்தியத்தைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

பனடோல் ஏன் கேட்கவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். வலி ஒன்பது பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்விடுகிறது. விழுங்கிய மாத்திரை கரைந்து இரத்தத்தில் கலந்து வேலை காட்ட முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் அன்றைய வலி தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தானாக அடங்கப்போகிற வலிக்கு அரை மணி நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதுதான் அடக்கியது போலத் தோன்றும். கோடாலித் தைலம், சுக்குக் கஷாயம், மந்திரித்த தண்ணீர், போன்ஸ்டான் எல்லாவற்றுக்கும் ஒரு ராத்திரி பேர் கிடைத்திருக்கும், மறு ராத்திரி அதே மருந்து கைவிட்டிருக்கும். பல்லுக்கும் அதே கதை. பல்லைப் பிடுங்கிய வாரம் கொத்து முடிகிற வாரமாக அமைந்துவிட்டால், பல்தான் காரணம் என்று எட்டு மாதம் நம்புவோம். கிளஸ்டர் நோயாளிகளில் எத்தனையோ பேர் நல்ல பல்லை இழந்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். போன்ஸ்டானைத் தினமும் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே இன்னொரு தலைவலியை உண்டாக்கும்.

சந்தையில் பெயர் இல்லாத கேப்ஸ்யூல், ஜாமு, தூள் ஏதாவது சாப்பிட்டு 'அதிசயமாக' நின்றிருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு கிளஸ்டரைத் தற்காலிகமாக அடக்கும் என்பது உண்மை. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு கரையும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழ வேண்டிவரும்.

இப்போது உண்மையான மருந்துக்கு வருகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

ஆக்ஸிஜன். அவ்வளவுதான், நாம் மூச்சு விடும் அதே ஆக்ஸிஜன், ஆனால் கலப்பில்லாமல், வேகமாக. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தபோது, பதினைந்து நிமிடத்தில் 78 விழுக்காட்டுத் தாக்குதல்கள் அடங்கின. வெறும் காற்றைக் கொடுத்தபோது 20 விழுக்காடுதான். இதற்கு மேல் ஒரு மருந்து நிரூபிக்க வேண்டியது என்ன இருக்கிறது? ஆனால் இதைச் சரியாகக் கொடுக்காமல் 'ஆக்ஸிஜனும் கேக்கல' என்று வருகிறவர்கள் நிறைய. மூக்கில் சொருகும் மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் ஒன்றும் நடக்காது. அடியில் பை தொங்கும் முகமூடி வேண்டும், மூக்கையும் வாயையும் மூடி இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும், 12 முதல் 15 லிட்டர் வரை ஓட வேண்டும். உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, வலி ஆரம்பித்த உடனே தொடங்கி, பதினைந்து இருபது நிமிடம் விடாமல் இழுக்க வேண்டும். உச்சத்துக்குப் போன பிறகு மாட்டினால் பலன் குறையும்.

வீட்டில் வைத்துக்கொள்ள டாக்டர் எழுதிக்கொடுத்தால், மருத்துவச் சாதனக் கடைகளில் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும். கடைக்காரர் வயதானவர்களுக்குக் கொடுக்கும் மின்சார இயந்திரத்தைக் காட்டுவார். அது வேண்டாம், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தரும். சிலிண்டரின் தலையில் பூட்டும் ரெகுலேட்டர் 15 லிட்டர் வரை போகிறதா என்று உங்கள் கண்ணால் முள்ளைப் பார்த்து வாங்குங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஒரு தாக்குதலுக்கு 225 லிட்டர் செலவாகும். 680 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் மூன்று தடவைக்குத்தான் வரும். கொத்து ஓடும் மாதங்களில் பெரியதாக எடுப்பதே நல்லது. சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள். சாமி மேடைப் பக்கம் வைக்கவே வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, அடுப்பு, சிகரெட் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. முகத்தில் தைலம் தடவிக்கொண்டு முகமூடி மாட்டக் கூடாது. எண்ணெய்ப் பசையும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்க வழியுண்டு. வெல்டிங் பட்டறை சிலிண்டரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அவர் நெடுநாள் புகைத்தவராக இருந்து நுரையீரலில் பாதிப்பு இருந்தால் அதையும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆக்ஸிஜனுக்கு அடுத்தது சுமாட்ரிப்டன் 6 மில்லிகிராம், தோலுக்கடியில் போடும் ஊசி. மாத்திரை அல்ல, காரணம் மேலே சொன்ன அதே கணக்கு. ஊசி எல்லா இடத்திலும் இருப்பதில்லை, கேட்டுப் பார்க்க வேண்டும். இதயக் குழாயில் அடைப்பு, அடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

இவை வந்த வலியை அடக்க. வராமல் தடுக்க வேறு மருந்துகள். கொத்து ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் வேகமாகக் கட்டுப்படுத்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்குக் கொடுப்போம். ஜெர்மனியில் நடந்த ஆய்வில் பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டை 100 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து நாள் கழித்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். முதல் வாரத்தில் தாக்குதல்கள் குறைந்தன. நம் ஆட்களில் சர்க்கரை அதிகம் என்பதால் இரத்தச் சர்க்கரை பார்த்துத்தான் தொடங்க வேண்டும். இன்னொரு வழி, பின்மண்டை நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்து ஓர் ஊசி. ஐந்து நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், சில வாரம் தாங்கும்.

இவை தாங்கும் இடைவெளியில் வெராபமில் என்ற மாத்திரையை ஏற்றுவோம். இதயத்துக்கு வந்த மருந்துதான், ஆனால் கிளஸ்டருக்கு முதல் தடுப்பு இதுதான். நாளுக்கு 240 மில்லிகிராமில் தொடங்குவார்கள். சிலருக்கு 480, இன்னும் சிலருக்கு 960 வரைகூடத் தேவைப்படும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஏனென்றால் இதயத்தின் மின்னோட்டத்தை மந்தமாக்கக் கூடியது. 'வெராபமில் கேட்கவில்லை' என்று அட்டையில் இருக்கும். புரட்டிப் பார்த்தால் 120 மில்லிகிராம், பத்து நாள். அது மருந்து தோற்றது அல்ல, கொடுத்தவர் பாதியில் விட்டது. மலச்சிக்கல் வரும், கால் கொஞ்சம் வீங்கலாம். கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது. அதன் இனமான நம் ஈப்போ பம்பளிமாசும் வேண்டாம், மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

இந்த இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கணவர் புரோப்ரனோலோல் சாப்பிடுகிறார். அதன் மேல் வெராபமில் சேர்ந்தால் நாடித் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். புரோப்ரனோலோலை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். எந்த வரிசையில் நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்று டாக்டர் முடிவு செய்வார்.

இதே குடும்பத்தில் இன்னும் சில அபூர்வ வலிகள் உண்டு. அவற்றையும் சொல்லக் காரணம், சரியான மருந்து கிடைத்தால் சுவிட்சை அணைத்தது போல நின்றுவிடும். கண்ணில் நீர், மூக்கடைப்பு எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் ஒவ்வொரு தாக்குதலும் இரண்டு நிமிடம் முதல் அரை மணி வரைதான்; ஒரு நாளில் ஐந்துக்கு மேல், சிலருக்கு நாற்பது வரை. இது பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியா. நார்வே நாட்டு மருத்துவர்கள் 1974-ல் விவரித்தார்கள். இதற்கு இண்டோமெதசின் என்ற பழைய மாத்திரை போதும், முழுவதும் நிற்கும். ஒரே பக்கம் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடாமல் இருக்கும் இன்னொரு வலிக்கும் அதே மாத்திரைதான். நொடிக்கணக்கில் நூறு தடவை மின்னல் போல வெட்டும் வலி ஒன்று உண்டு, அதற்கு லாமோட்ரிஜின். இந்தக் குழப்பத்தில் சிலருக்குக் கார்பமாஸெபின் எழுதுவார்கள். அப்படி எழுதினால், எச்.எல்.ஏ.-பி 15:02 பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். அந்த மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாஸெபின் தோலை உரிக்கும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கலாம். நம் வட்டாரத்து மக்களிடம் அது அதிகம், இந்தியர்களிடமும் இருக்கிறது. ஆகவே உங்கள் கணவரின் வலி எத்தனை நிமிடம் என்பதைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 'ஒரு மணி நேரம் இருக்கும்' என்ற மதிப்புக்கும், 1.10-க்கு ஆரம்பித்து 1.32-க்கு முடிந்தது என்ற குறிப்புக்கும் நடுவில் ஒரு நோயே மாறிப்போகும்.

சரி, எல்லாம் சரியாகக் கொடுத்தும் அடங்காத கிளஸ்டர் இருக்கிறதா? இருக்கிறது, சிலருக்கு. வருடம் முழுக்க மூன்று மாத ஓய்வுகூட இல்லாமல் ஓடுவதை நாள்பட்ட வகை என்கிறோம். அதிலும், முறையான தடுப்பு மருந்துகள் மூன்றையாவது முழு அளவில் பார்த்தும் வாரத்துக்கு மூன்று கடும் தாக்குதல் வந்தால்தான் மருந்துக்கு அடங்காதது என்று சொல்ல வேண்டும் என ஐரோப்பியத் தலைவலி நிபுணர்கள் 2014-ல் வரையறுத்தார்கள். உங்கள் கணவர் ஒரு மருந்தைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பெயரை அவருக்கு ஒட்ட யாருக்கும் உரிமை இல்லை. அந்த நிலைக்குப் போனவர்களுக்கும் வழி முடிந்துவிடவில்லை. லித்தியம் இருக்கிறது, சிறுநீரகமும் தைராய்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும், லோரி சூட்டில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவருக்கும் தண்ணீர் பல்லில் படாத விரதம் இருப்பவருக்கும் அதன் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். மாதம் ஒரு முறை போடும் கல்கனேஸுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2019-ல் கொத்தாக வரும் வகைக்கு அனுமதி தந்தது. நாள்பட்ட வகைக்கு ஆய்வில் அது எடுபடவில்லை, விலையும் அதிகம். பின்மண்டை நரம்பில் மின்கம்பி பதிக்கும் சிகிச்சையை நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். தாக்குதல்கள் பாதியளவு குறைந்தன. மிலான் நகர மருத்துவர்கள் ஹைபோதலாமஸ் பக்கத்திலேயே மின்கம்பி வைத்துப் பார்த்ததை 2001-ல் எழுதினார்கள். அது மூளை அறுவை, கடைசிப் படி. அதுவரை போகாமல் நிற்பவர்களே அதிகம்.

அடுத்து, போக வேண்டிய வழி. அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்து, நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். பினாங்கு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. தேதி தள்ளி விழுந்தால், 'தற்கொலை பற்றிப் பேசுகிறார்' என்பதைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அது உண்மை, அவசரத்தை அது காட்டும். அதுவரை ராத்திரி வலி வந்தால் அவசரப் பிரிவுக்குப் போய் 'சாகிட் கெப்பாலா (தலைவலி) கிளஸ்டர், ஆக்ஸிஜன் 15 லிட்டர்' என்று மலாயில் கேட்கலாம். கையில் இரண்டு சாட்சி இருக்கட்டும். ஒன்று, நேரக் குறிப்பு. இன்னொன்று, கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோ: முகம் நேராகத் தெரிய வேண்டும், இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி. அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பகலில் டாக்டர் முன்னால் உட்காரும்போது அவர் நல்ல மனிதர் போலத்தான் இருப்பார். நான்கு வருடமாக அதனால்தான் யாரும் நம்பவில்லை. எம்.ஆர்.ஐ. ஒரு முறை எடுக்கக் கேளுங்கள், பிட்யூட்டரி சுரப்பியையும் சேர்த்து. அங்கே உள்ள கட்டி சில சமயம் இதே வேஷம் போடும், சி.டி.யில் தப்பிவிடும். இடி விழுந்தது போல நொடியில் வந்த புதுத் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் விழுவது, பார்வை போவது, கழுத்து வலியோடு இமை தொங்கியபடியே நிற்பது, இவற்றில் எது வந்தாலும் வீடியோ எடுக்க நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொத்து ஓடும் வாரங்களில் பீர் ஒரு மிடறுகூட வேண்டாம். குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வலியை இழுத்து வரும். கொத்து முடிந்த மாதங்களில் அதே பீர் ஒன்றும் செய்யாது என்பதால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை. பகல் தூக்கமும் இந்த வாரங்களில் ஆகாது. பகலிலும் வலி வர ஆரம்பித்திருக்கிறது என்கிறீர்கள். இமை தொங்கி ஒரு கண்ணில் நீர் கொட்டும்போது அவர் நாற்பது அடி லோரியோடு பாலத்தின் மேல் இருக்கக் கூடாது. கட்டுக்குள் வரும்வரை ஓட்ட வேண்டாம் என்று நானாக இருந்தால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதுவேன். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை செய்தவருக்கு வேலைச் சட்டப்படி வருடத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்தால் தனியாக 60 நாள். அவர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார். நீங்கள் கேளுங்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை ராத்திரிகள் இருக்கின்றன. வலி வரும்போது அவரைப் பிடித்துப் படுக்க வைக்காதீர்கள், தலையை அமுக்காதீர்கள், 'இப்ப எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள். பதில் சொல்ல அவருக்குத் தெம்பிருக்காது. நடக்க வழி விட்டு நாற்காலிகளை ஓரம் தள்ளிப் போடுங்கள். முட்டும் சுவரில் ஒரு தலையணையைக் கட்டி வையுங்கள். ஈரத் துணியில் சுற்றிய ஐஸ் சிலருக்குக் கொஞ்சம் இதம் தரும். நேரத்தைக் குறித்துவிட்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருங்கள்.

மகளிடம் அவரே பேசட்டும், வலி இல்லாத ஒரு சாயங்காலத்தில். 'அப்பாவுக்கு மண்டையில ஒரு அலாரம் தப்பான நேரத்துக்கு அடிக்குது. அப்ப நான் கத்துவேன். உன் மேல கோவம் இல்ல. அது தானா நின்னுரும், டாக்டரு சரிபண்ண மருந்து கொடுக்கப் போறாரு' என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும். வெராபமில் தொடங்கிய பிறகு இ.சி.ஜி. தேதியையும் புரோப்ரனோலோலை எப்படி நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.